கரடியனாறா, சங்கமா, பக்கத்துக் காணிக்காரரா? புதிதாகத் தோட்டமோ தொழிலோ தொடங்குகிறவர் எங்கே போவது

கட்டாரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு தம்பி போன மாதம் கேட்டார்: “அண்ணன், களுவாஞ்சிக்குடிப் பக்கம் அரை ஏக்கர் மணற்காணி கிடக்கு. மிளகாய் போட யோசிக்கிறன். முதல்ல கோர்ஸ் ஒண்டு செய்யவா, இறங்கிப் பார்க்கவா?” அடுத்த கிழமை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பெண். வீட்டிலேயே மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அரைத்துப் பைக்கற்றில் அடைத்து விற்கிறார். ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சிக்குக் கூப்பிடுகிறது, மாதர் சங்கமும் கூப்பிடுகிறது, இரண்டுக்கும் போக அவருக்கு நாளில்லை. மூன்றாவது ஆள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். வேளாண்மை அவருடைய அப்பாவோடு போய்விட்டது. இவருக்கு வரம்பு கட்டவும் தெரியாது.

இந்த மூவருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் மூவரும் ஒரே பிழையைச் செய்யப் பார்க்கிறார்கள். யார் நன்றாகப் படிப்பிப்பார்கள் என்று தேடுகிறார்கள். படிப்பிக்க எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு யார் மிஞ்சுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

என் முதல் அளவுகோல் நாற்பதாம் நாள். நாற்று நட்டு நாற்பது நாளில் இலை சுருளத் தொடங்கும். கடை திறந்து நாற்பது நாளில் கடனுக்குச் சாமான் வாங்கியவர் மறு தெருவால் போகத் தொடங்குவார். அன்றைக்கு உங்கள் போனை எடுப்பவர் யார்? காணிக்கு வந்து பார்ப்பவர் யார்? மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிகப் புள்ளி போடுவேன்.

இரண்டாவது, போகிற நாட்கள். இலவசப் பயிற்சி என்று ஒன்று கிடையாது. உங்கள் நாட்கூலி 2500 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் போனால் 30,000 ரூபாவும் பஸ் காசும் போயிற்று. அது பெறுமதியாகவும் இருக்கலாம், ஆனால் கணக்கில் எழுத வேண்டும். மூன்றாவது, பணம் எந்த உருவில் வருகிறது: பொருளா, மானியமா, கடனா? கடன் என்றால் முதல் தவணை எப்போது? நான்காவது, விற்க உதவுகிறார்களா. ஐந்தாவது, கடதாசி. பதிவு, சான்றிதழ், சிபாரிசுக் கடிதம் எதுவும் தேவையில்லை என்று நினைப்பீர்கள், வங்கிக்குப் போகும் நாள் வரைக்கும்.

| வழி | நாற்பதாம் நாள் வருவாரா? | போகும் நாட்கள் | பணம் | விற்பனை | கடதாசி |
|---|---|---|---|---|---|
| அரச பக்கம் (போதனாசிரியர், பயிற்சி நிலையம்) | நீங்கள் தேடிப் போனால் | நடுத்தரம் | மானியம், வந்தால் | குறைவு | இங்கேதான் |
| தொண்டு நிறுவனத் திட்டம் | திட்டம் முடியும் வரை | அதிகம் | பொருளாக | சிலவேளை | பயனாளி அட்டை |
| சங்கம் | அயலார்தானே, வருவார்கள் | மாதம் ஒன்றிரண்டு, வருடக்கணக்கில் | சேமித்தபின் கடன் | சங்கத்தைப் பொறுத்தது | சிபாரிசு |
| அனுபவசாலியிடம் நிற்பது | அவர் பக்கத்தில்தான் | ஒரு போகம் முழுக்க | கூலி கிடைக்கும் | அவருடைய வியாபாரி | ஒன்றுமில்லை |
| மருந்துக்கடை | எப்போதும் திறந்திருக்கும் | இல்லை | அறுவடை வரை கடன் | சிலர் வாங்குவார்கள் | கொப்பி மட்டும் |

## அரச பக்கம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியரும் ஒன்றல்ல, சில இடங்களில் ஒரே வளவுக்குள் இருந்தாலும். கமநல நிலையம் காணிப் பதிவு, பசளை மானியம், வாய்க்கால், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றைப் பார்ப்பது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவர்களுடைய சட்டம். பயிரை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் போதனாசிரியர் விவசாயத் திணைக்களத்து ஆள். அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடங்கள் மாகாணத் திணைக்களத்தின் கீழ், சில இடங்கள் மத்திய திணைக்களத்தின் மாகாணங்களுக்கிடையிலான பிரிவின் கீழ். உங்கள் காணி எதில் விழுகிறது என்று கேட்காமல் போனால் இரண்டு கந்தோருக்கும் நடப்பீர்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் மட்டக்களப்பில் கரடியனாறு விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஒழுங்காகப் படித்து டிப்ளோமாவே எடுக்க நினைக்கும் இளையவர்களுக்கு அம்பாறைப் பக்கம் பாலமுனை விவசாயப் பாடசாலை. போனில் கேட்க 1920 என்ற இலக்கம். அதை நம் ஆட்கள் போதியளவு பயன்படுத்துவதில்லை.

நான் ஏன் இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் சாய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் முதலாவது மிளகாய்த் தோட்டத்தில் நுனி இலைகள் சுருண்டன. கடையில் ஒரு போத்தல் தந்தார்கள், அடித்தேன். இரண்டாவது போத்தல், அதையும் அடித்தேன். போதனாசிரியரைத் தேடிப்போய்க் கூட்டிக்கொண்டு வர ஒரு கிழமை எடுத்தது. அவர் வந்து போத்தலைப் பார்க்கவே இல்லை. குந்தியிருந்து ஒரு இலையைப் பிடித்து, “தம்பி, இது மேலே சுருண்டிருக்கா, கீழே சுருண்டிருக்கா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. தோணி மாதிரி மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி. கவிழ்த்துவைத்த தோணி மாதிரி கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. ஒன்றுக்கு அடிக்கும் மருந்து பெரும்பாலும் மற்றதைக் கொல்லாது. என்னுடையது கவிழ்ந்த தோணி. நான் அடித்த இரண்டு போத்தலும் மற்றதற்கானவை.

புதிதாக வரும் நோய்க்கும் பூச்சிக்கும் அரச பக்கத்தை விட வேறு போக்கிடமும் இல்லை. 2018 கடைசியில் சேனா படைப்புழு அம்பாறைச் சோளச் சேனைகளுக்குள் இறங்கியபோது, முப்பது வருடம் சோளம் போட்ட கைகளுக்கும் அது என்னவென்று தெரியாது. நாட்டுக்கே புதிய புழு. அனுபவம் தடுமாறும் இடம் இதுதான்.

வயல் என்றால் போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்குப் போங்கள். எந்தத் திகதிக்குள் விதைக்க வேண்டும், குளத்து நீர் எப்போது திறக்கும், எந்த வயது நெல் போடலாம், மாடுகளை எந்தத் திகதிக்குள் வயல்வெளியால் அப்புறப்படுத்த வேண்டும், எல்லாம் அங்கேதான் முடிவாகும். உன்னிச்சைக் குளத்து வயற்கண்டமோ நவகிரிக் குளத்து வயற்கண்டமோ, பின்வரிசையில் வாய்மூடி இருந்து கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். கட்டணமும் இல்லை.

மறை செலவு எங்கே? தூரத்தில். களுவாஞ்சிக்குடியிலிருந்து கரடியனாறு போக மட்டக்களப்புக்கு வந்து, செங்கலடி தாண்டி, பதுளை வீதியில் ஏற வேண்டும். போக வர ஒரு நாள் சரி. ஒரு போதனாசிரியர் பார்க்கும் கிராமங்களின் எண்ணிக்கையும் அதிகம். அவர் வராததைக் குறை சொல்வதை விட, எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று கேட்டு, சுருண்ட இலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு போவது கெட்டித்தனம். குத்தகைக்காரருக்கு இன்னொன்று: பதிவேட்டில் காணிச் சொந்தக்காரர் பெயர் மட்டும் இருந்தால் மானியமும் இழப்பீடும் அவருக்குத்தான் போகும். முன்பணம் கொடுக்குமுன் இதைப் பேசிவிடுங்கள், கொடுத்த பிறகு யாரும் பேசமாட்டார்கள்.

தொழில்காரருக்கு இதே பாதை பிரதேச செயலகத்தில் தொடங்குகிறது. வியாபாரப் பெயர்ப் பதிவும் சிறுதொழில் உத்தியோகத்தரும் அங்கேதான். உணவு பதனிடல், பொதியிடல் போன்ற தொழில்நுட்பத்துக்கு விதாதா வள நிலையம். கைத்தொழில் அபிவிருத்திச் சபையும் பயிற்சி நடத்துகிறது. தையல், மின்னிணைப்பு, பேக்கரி என்றால் தொழிற்பயிற்சி அதிகாரசபை தரும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, வெளிநாடு போக நினைத்தாலும்.

## தொண்டு நிறுவனத் திட்டம்

2004 சுனாமிக்குப் பிறகு இரண்டு மாவட்டங்களிலும் இந்தச் சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. புரொஜெக்ட். அந்தக் காலத்தில் கடலுக்கே போகாதவர் வளவிலும் புதுத் தோணி நின்றது. இப்போது அந்தளவு பணப்புழக்கம் இல்லை, ஆனாலும் பழக்கம் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். பயிற்றுநர்கள் பொறுமையானவர்கள், பெண்கள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்க முடிகிறது, கணக்குப் புத்தகம் எழுதுவதைக் கைபிடித்துக் காட்டுகிறார்கள். அடக்கவிலை கணக்கிடத் தெரியாமல் நட்டத்துக்கு விற்கும் வீட்டுத் தொழில்காரர் எத்தனை பேர்! ஒரு கிலோ செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளி, வெயிலில் காயவிட்டு, ஆலையில் அரைத்தால் ஒரு கிலோ தூள் வராது. அந்தக் குறைவை விலையில் சேர்க்க வேண்டும் என்று பலருக்கு இப்படியான வகுப்பில்தான் தெரியவருகிறது. பயிற்சியின் பின் ஒரு அரைக்கும் மெஷினோ, பைக்கற் ஒட்டும் மெஷினோ கிடைத்தால் அதுவே முதலாகிவிடும்.

ஆனால் திட்டத்தின் நாட்காட்டி வேறு, வானத்தின் நாட்காட்டி வேறு. எங்கள் ஊர்க் குழு ஒன்றுக்கு ஒருமுறை மரக்கறி விதைப் பைக்கற்றுகள் மார்கழி நடுவில் வந்தன. வருடக் கணக்கை முடிக்க வேண்டுமாம். வளவுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். விதையைக் கையில் பிடித்தபடி படம் எடுத்தார்கள், அதற்கும் குடை பிடிக்க வேண்டியிருந்தது. தை கழிந்து மண் காய்ந்தபோது பாதி விதை முளைக்கவில்லை.

கோழித் திட்டம் இன்னொரு பாடம். இருபது முட்டைக்கோழிக் குஞ்சு இரண்டு மாத வயதில் தருகிறார்கள் என்று வையுங்கள். முட்டை தொடங்க இன்னும் மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் இருபதும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் தீன் தின்னும். கூடு “பயனாளி பங்களிப்பு”, அதாவது உங்கள் செலவு. தீனுக்கு காசில்லாமல் மூன்றாம் மாதம் கோழியை விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவைத்த அறிக்கையும் எங்கோ இருக்கும்.

ஆகவே சேருமுன் இரண்டு கேள்வி: திட்டம் எந்த மாதத்தில் முடிகிறது? முடிந்த பிறகு யாரைக் கேட்பது? இரண்டாவதற்கு அந்த பீல்ட் ஒபிசர் தன் சொந்த போன் நம்பரைத் தந்தால் சேருங்கள். இடம் மாறிப் போனாலும் அப்படிப்பட்டவர்கள் போனை எடுப்பார்கள்.

கையில் முதல் இல்லாதவருக்கு, தொழிலுக்கு ஒரு மெஷின் மட்டும் தடையாக இருப்பவருக்கு இது சரியான வழி. பருவம் பார்த்துச் செய்யும் பயிருக்கு இதை நம்பி இறங்க நான் சொல்லமாட்டேன்.

## சங்கம்

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று பெயர் பல. சேமிப்பு, கூட்டம், கடன் என்ற அடிப்படை ஒன்றுதான். சங்கத்தில் பயிற்சி என்று தனியாக ஒன்று பெரும்பாலும் நடக்காது. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், எந்தக் கடைக்காரர் காசு இழுத்தடிப்பார், எந்த ஆலையில் தூள் மணக்கும் என்று கதைப்பார்கள். அதுதான் பயிற்சி. எந்த வகுப்பிலும் இதைச் சொல்லமாட்டார்கள்.

கடன் வட்டி குறைவு, தவணையைக் கொஞ்சம் பிந்தினாலும் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடமாட்டார்கள். கூட்டாகப் பசளை எடுத்தால், கூட்டாக நெல் விற்றால் விலையும் பேசலாம்.

மறை செலவு காலமும் மனக்கசப்பும். இன்று சேர்ந்து நாளை கடன் கேட்க முடியாது, மாதக்கணக்கில் சேமித்துக் காட்ட வேண்டும். தலைவியும் பொருளாளரும் உறவுக்காரர் என்றால் கணக்கு அறிக்கை வாசிக்கும்போது எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். சேருமுன் ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போய், கணக்கைப் பற்றி யாராவது கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டவரை மற்றவர்கள் முறைத்தால் அந்தச் சங்கம் வேண்டாம்.

## அனுபவசாலியிடம் நிற்பது

களுதாவளைப் பக்கம் வெற்றிலைத் தோட்டத்துக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். கொழுந்தைப் படரவிடுவது, கட்டுவது, நீர் ஊற்றும் அளவு எல்லாம் கையிலிருந்து கைக்குப் போகும் விஷயம். நோட்டில் எழுத முடியாது. மணல் மண் காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானத்துக்குள் விட்டுவிடும். எந்த நேரம், எத்தனை முறை, எவ்வளவு என்பது பார்த்துப் பழக வேண்டியது. நான் நின்ற தோட்டத்துப் பெரியவர் காலையில் மண்ணைக் காலால் கிளறிவிட்டு, “இண்டைக்கு ஒருக்கா போதும் மனே, மறுகா பாப்பம்” என்பார். அதில் இருந்த கணக்கு எனக்குப் பிடிபட இரண்டு மாதம் சென்றது.

மருதமுனை நெசவும் இப்படித்தான் வளர்ந்தது. கடை வியாபாரம் என்றால் எந்தத் துணி எந்தப் பெருநாளுக்கு ஓடும் என்பதை, மூன்று நாள் கருத்தரங்குக்குப் போனவரை விட, காத்தான்குடிப் புடவைக் கடையொன்றில் ஆறு மாதம் நின்றவர் நன்றாக அறிவார்.

இங்கே கூலியும் கிடைக்கும். இழப்பது கௌரவம். வெளிநாட்டில் சுப்பர்வைசராக இருந்துவிட்டு வந்து அயலவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கப் பலருக்கு மனம் வராது. இன்னொரு குறை: பெரியவரின் சரியோடு அவருடைய பிழையும் சேர்ந்து வரும். மருந்து ஒரு மூடிக்கு ஒன்றரை மூடி போடுவது அவருக்குப் பழக்கமென்றால் உங்களுக்கும் அதுவே பாடமாகிவிடும். ஆகவே இவரையும் போதனாசிரியரையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

## தெரிவு செய்யாமலே அமையும் ஆசிரியர்: மருந்துக்கடை

உண்மையைச் சொன்னால் எங்கள் பக்கம் அதிகம் ஆலோசனை சொல்பவர் பசளை, கிருமிநாசினி விற்கும் கடைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார். நோய் பிடித்த செடியைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் போத்தல் எடுப்பார். காசில்லையென்றால் கொப்பியில் எழுதுவார். நல்லவர்களும் இருக்கிறார்கள், “இதுக்கு ஒண்டும் அடிக்காதீங்க, மழை பெய்தால் போகும்” என்று திருப்பி அனுப்பியவரை நானே கண்டிருக்கிறேன். ஆனால் போத்தல் விற்றால்தான் அவருக்கு வருமானம் என்பதை மறக்கக் கூடாது. அறுவடை வரை கடன் தந்தவர் அறுவடையையும் தனக்கே தரச் சொன்னால், விலையை அவர்தான் சொல்வார்.

## பயிற்சி என்ற பெயரில் வரும் வாரக் கடன்

இதை ஒரு வழியாக அட்டவணையில் நான் போடவில்லை, வேண்டுமென்றே. குழு சேர்த்து, அரை நாள் “தொழில் முனைவோர் பயிற்சி” நடத்தி, முடிவில் கடன் படிவம் நீட்டுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், வருடத்துக்கு நூற்றுக்கு 24 என்று பிளாட் வட்டி (கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் போடும் வட்டி), 50 கிழமை. மொத்தம் 62,000, கிழமைக்கு 1240 ரூபா. 24 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதற்பணத்தை ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே வருவதால், வருடம் முழுக்க உங்கள் கையில் சராசரியாக நின்ற முதல் 25,000 ரூபா அளவுதான். அதற்கு 12,000 வட்டி. உண்மை வட்டி 45 வீதத்துக்கும் மேல்.

வயல்காரருக்கு இது இன்னும் மோசம். மூன்றரை மாத நெல் அறுவடைக்கு வருமுன் 14 தவணை போய்விடும், 17,360 ரூபா. அது எங்கிருந்து வரும்? வாங்கிய கடனிலிருந்தே. நாளுக்கு நாள் காசு புழங்கும் இடியப்பக் கடைக்கோ மீன் வியாபாரத்துக்கோ தாங்கலாம், பயிருக்குத் தாங்காது. 2018இல் வரட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே திட்டம் அறிவிக்கும் அளவுக்குப் போனது சும்மா இல்லை.

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

அக்கரைப்பற்றுப் பெண்ணுக்குச் செய்முறை தெரியும், வாடிக்கையாளரும் இருக்கிறார்கள். குறை கடதாசியும் மெஷினும். முதலில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து அரைக்கும் இடத்தைக் காட்டுவது. இந்த இரண்டும் இல்லாமல் பெரிய கடைகள் தட்டில் வைக்கமாட்டா. தொண்டு நிறுவனப் பயிற்சிக்குப் பைக்கற் ஒட்டும் மெஷின் தருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இல்லையென்றால் அந்த நாட்களை மாதர் சங்கத்துக்குக் கொடுக்கலாம். அங்கே இருக்கும் இருபத்தைந்து பேரும் தூள் வாங்குகிறவர்கள்தானே.

படுவான்கரைக்காரருக்கு அரச பக்கம்தான். குத்தகையை எழுத்தில் எடுத்து, கமநல நிலையத்தில் பெயரைக் கேட்டு, பயிர்க் காப்புறுதியையும் விசாரித்துவிட்டு ஆரம்பக் கூட்டத்துக்குப் போகச் சொன்னேன். யானை வரும் பக்கமென்றால் இரவில் காவல் இருக்கப்போவது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்குப் பக்கத்து வயல்காரர்களோடு ஒட்டி வாழ்வதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டாரிலிருந்து வந்த தம்பிக்குக் கையில் காசிருக்கிறது, அதுதான் ஆபத்து. சொட்டுநீர்க் குழாய்க்கு விலை கேட்டுவைத்திருந்தார். ஒரு போகம் யாருடைய தோட்டத்திலாவது நில்லுங்கள், உங்கள் காணியில் இரண்டு பாத்தி மட்டும் போடுங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. போன கிழமை அழைத்தார். மாமாவின் தோட்டத்தில் நிற்கிறாராம், பின்னேரங்களில் மட்டும். “அண்ணன், இலை சுருண்டிருக்கு” என்றார். மேலேயா கீழேயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பொறுங்க, பாத்துட்டு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டார்.